பூஜைக்காக நேராக்கிய அலகு

1

சரஸ்வதி பூஜையன்று காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், சாணைக் கடைக்காரர் சுவிட்சைப் போடுவதற்கு முன் நான் அவருடைய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததுதான். பத்தரைக்குள் வீட்டுக்குப் போய்ச் சுண்டலைத் தாளிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. சாவி வெட்டுவது, கத்தி தீட்டுவது, குடைக்குக் கம்பி மாற்றுவது எல்லாம் அங்கேதான். கடைக்காரர் மடுல்கெல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து நகரத்தில் கடை போட்டவர். நான் பொட்டலத்தைப் பிரித்து என் மகளின் இழைப்புளி அலகை மேசையில் வைத்தேன்.

மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவியைத் தென்காசியில் நாங்கள் இழைப்புளி என்போம். இங்கே சீவுளி. மரக்கட்டையின் நடுவே சாய்வாக ஒரு இரும்பு அலகு நிற்கும். அதன் கூர் முனை கட்டையின் அடியில் மயிரிழை அளவு வெளியே தெரியும். தள்ளினால் மரம் சுருள் சுருளாக வரும். அலகின் முனை நேராக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு விரல் அகலமுள்ள இந்த அலகில் அப்படி இல்லை. இடப்பக்கம் நகத்தால் கிள்ளியது போல ஒரு பள்ளம், அடுத்து ஒரு மேடு, வலது மூலையில் படி போல ஒரு வெட்டு. கீழே விழுந்து பல் போயிருக்கிறது, பெண் சொல்லாமல் மறைத்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது உடஞ்சது இல்லீங்க. யாரோ வேணும்னு வளைச்சிருக்காங்க."

"இல்லீங்க, கீழ போட்டிருப்பா. நேராக்கிக் குடுங்க."

"எதுக்கும் புள்ளைக்கு ஃபோன்ல ஒரு கோல் எடுத்துக் கேட்டுக்கிட்டீங்கன்னா..."

"பூஜைக்கு வைக்கணும். ஊனமா வைக்கக் கூடாது."

"ஓ, பூஜைக்கா? அப்ப சரிங்க."

தொழில் தெரிந்த மனிதர். பூஜை என்ற சொல்லைக் கேட்டதும் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டார். சக்கரம் சுழன்றது. பொறி பறந்தது. மேடும் பள்ளமும் ஒன்றரை நிமிடத்தில் மறைந்தன. இரும்பின் ஓரத்தில் முதலில் ஒரு மஞ்சள் ஏறியது, பிறகு பழுப்பு, பிறகு மயில் கழுத்து நீலம். அழகாக இருக்கிறதே என்று கூட நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டு, கதம்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

2

தென்காசியை விட்டு வந்து இந்த ஆவணியோடு இருபத்திரண்டு வருடமாகிறது. "கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இதெல்லாம் வெளிநாடா?" என்று என் சின்னம்மா இன்றைக்கும் கேட்கிறாள். மகன்களைக் கனடாவுக்கு அனுப்பியவள் அவள். பனி பெய்யாத ஊரை அவள் வெளிநாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சின்னம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு முஸ்லிம் பையன் வாசலில் நின்று "தாத்தா வாரா, தாத்தா வாரா" என்று கத்தினான். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெரியவரை வரவேற்க எழுந்து நின்றேன். இரட்டைப் பின்னலோடு பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். அவர்கள் வீட்டில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறாய் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆமாம், இங்கே நான்கு விதத் தமிழ் பேசுகிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஐந்தாவதாக ஒன்று வந்திருக்கிறது. தென்காசிக்குப் போனால் "கதிரையில உக்காருங்க" என்கிறேன், கண்டியில் கோபம் வந்தால் தென்காசி பேசுகிறேன்.

என் கணவர் ரவீந்திரன் கண்டிக்காரர், மாநகரசபையில் எழுத்தர். அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து கடை வைத்த குடும்பம். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய் விசாவை நீட்டிக்க வேண்டும். இரண்டு புகைப்படம், திருமணச் சான்றிதழ், அவருடைய கையெழுத்து, காத்திருப்பு. படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. நான் பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். திருமணத்துக்கு முன் நான்கு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் நடத்தினேன். இந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது என்பதால், அந்தக் கட்டத்தில் பதினோரு தடவை 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். குடியுரிமைக்கு எழுதிப் போடலாமே என்கிறார் கணவர். போடலாம்தான். இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று தள்ளிப் போட்டு வருகிறேன்.

ஒரே மகள் தர்ஷினிக்கு அந்தக் கட்டத்தில் நல்ல சொல்லாக ஒன்று வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் இந்தக் கதையின் மறுபாதி.

3

தர்ஷினிக்கு இருபத்தொரு வயது. நம் ஊர் பிளஸ் டூ போன்ற உயர்தரப் பரீட்சையில் கணிதத்துக்கு வெறும் சாதாரண சித்தி, அதாவது ஒப்புக்குத் தேறியது. கணித ஆசிரியையின் மகள்! மறுபடி எழுது என்றேன். எழுதவில்லை. ஒரு நாள் மாலை சட்டையெல்லாம் மரத்தூளாக வந்து நின்று, கட்டுகஸ்தோட்டையில் நஸீர் நானாவின் மர வேலைத்தளத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். நானா என்றால் இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறை. ஊரில் எல்லோருக்கும் அவர் நானாதான்.

வேலைத்தளம் நன்றாக ஓடுகிறது. விடுதிகளுக்குக் கட்டில், வங்கிகளுக்கு மேசை, பழைய வீடுகளுக்குக் கதவு ஜன்னல். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், என் மகள் ஒருத்திதான் பெண். சக வேலையாட்களோடு நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறாள். வீட்டில் நான் எதையாவது கேட்டால் "ஹரி, ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். கோவிலுக்குக் கூப்பிட்டால் வேலை. தென்காசிக்குக் கூப்பிட்டால் இன்னும் பெரிய வேலை.

நான் ஒரு வருடமாக விண்ணப்பப் படிவங்களைக் கொண்டுவந்து அவளுடைய அலுமாரிக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தேன். வங்கிப் பயிற்சி, கணினிப் படிப்பு, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. அவள் அவற்றின் பின்பக்கத்தில் மரச்சட்டங்களுக்கு அளவு போட்டுக் கணக்குப் பார்த்தாள்.

புரட்டாசியில் கலகெதரவிலிருந்து ஒரு வேலை வந்தது. பழைய பெரிய வீடு, பதினொரு ஜன்னல். நிலைச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு வளைவு வரி ஓடுகிறது, மோல்டிங் என்பார்கள். பல இடத்தில் கறையான் தின்றிருந்தது. இயந்திரத்தில் வெட்டினால் அந்த வளைவு அப்படியே வராது, கையால் செய்த கோணல் அதில் இருந்தது. அந்தக் கோணலோடு வேண்டும் என்றார் வீட்டுக்கார அம்மா. தர்ஷினி தானாகவே முன்வந்து, அந்த வளைவுக்கேற்ற ஒரு சீவுளியை நானே செய்கிறேன் என்றாளாம். நஸீர் நானா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: அந்த அம்மா கொழும்பிலிருந்து வரும் நாளில் மாதிரித் துண்டு தயாராக இருக்க வேண்டும். பொருந்தினால் பதினொரு ஜன்னலும் தர்ஷினியின் பொறுப்பு. பொருந்தாவிட்டால் இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு இடத்துக்கு வேலை போய்விடும்.

இதில் பாதியை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரமாக மாலை நேரத்தில் அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒரு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன அது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த வேலையை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சாணைக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

4

தென்காசியில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் நானும் தம்பியும் ஒவ்வொரு ஸ்பேனராகப் புளி போட்டுத் தேய்ப்போம். வாழை இலையில் எல்லாவற்றையும் பரப்பியபின் அப்பா ஒரு சுற்றுப் பார்ப்பார். பல் உடைந்த கொறடு இருந்தால் எடுத்துத் தனியே வைப்பார். "ஊனமானத சாமி முன்னால வைக்காதீங்க. ஒண்ணு சரி பண்ணுங்க, இல்ல தூரப் போடுங்க." அது பக்தியா, கடை ஒழுங்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை வரை யாரும் கருவியைத் தொடக் கூடாது. பஞ்சர் ஒட்ட வந்தவர்களும் திரும்பிப் போவார்கள்.

இந்த வருடம் பூஜைக்கு முதல் நாள், சும்மாதான் கேட்டேன்: "உன் சாமான் எதையாவது பூஜையில் வைக்கட்டுமா?"

தர்ஷினி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தச் சீவுளிய வைங்கம்மா. நாளைக்கு நான் கலகெதரவுல ஜன்னல் கழட்டப் போறேன். சாயந்தரம் வந்து எடுத்துக்கிறேன்" என்றாள்.

பல வருடங்களுக்குப் பிறகு பூஜையைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வைங்க' அது. நான் தலைகால் தெரியாமல் மகிழ்ந்துபோனேன். சாயந்தரம் எடுத்துக்கொள்கிறேன் என்றது என் காதில் சரியாக விழவும் இல்லை. காலையில் அவள் கிளம்பியதும், அவள் தட்டுவதைப் பார்த்திருந்தபடி கட்டையின் ஆப்பைத் தட்டி அலகை வெளியே எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். முனையைப் பார்த்தேன். மிச்சத்தைச் சொல்லிவிட்டேன்.

5

மாலை ஐந்து பத்துக்கு வந்தாள். அலுவலகத்தில் வாணி விழா என்று நடத்தும் சரஸ்வதி பூஜையிலிருந்து கணவர் இன்னும் திரும்பவில்லை. நான் பெருமையோடு அவளைப் பூஜையறைக்குக் கூட்டிப்போனேன். அவளுடைய பழைய பாடப் புத்தகங்கள், என் கணவரின் பேனா, நடுவில் பட்டுத் துணிமேல் சீவுளிக் கட்டை, அதன் பக்கத்தில் பளபளவென்று அலகு, அதன் நடுவில் சந்தனமும் குங்குமமும்.

 அவள் குனிந்து அலகைக் கையில் எடுத்தாள்.

அப்போது நான் சொன்னதை எழுதக் கூசுகிறது. "இன்னைக்கு எடுக்கக் கூடாதும்மா, நாளைக்குக் காலைலதான்" என்றேன்.

"யாரு செஞ்சது இது?"

"உடஞ்சிருந்துச்சே. கடையில குடுத்து நேராக்கிட்டு வந்தேன்."

"உடையல. நான் வெட்டினது." அவள் கட்டைவிரலால் நீல நிறத்தின்மேல் தடவினாள். "ரெண்டு கிழமை வெட்டினது. இப்ப இரும்பும் செத்துப்போச்சு. நீலம் வந்தா பதம் போயிரும், மரத்துல ரெண்டு தள்ளு தள்ளினா மழுங்கிரும். நாளைக்கு ரெண்டு மணிக்கு அந்தம்மா வர்றாங்க."

 அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணும்னே செஞ்சீங்களாம்மா?"

நான் உடனே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நொடி பேசாமல் நின்றேன். ஒரு வருடமாக அலுமாரிமேல் படிவம் வைத்தவள் நான். இந்த வேலை இவளுக்குச் சலித்துப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டதும் உண்டு. அந்த இரண்டு நொடியில் எனக்குள் நானே தேடிப் பார்த்தேன். பிறகு "இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றேன். அதற்குள் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.



6

அவள் நஸீர் நானாவுக்குக் கோல் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்னும் அவருடைய பேச்சு எனக்கும் கேட்டது. நடந்ததைச் சொல்லும்போது 'அம்மா செய்தார்' என்று சொல்லவில்லை. 'சாணைக்குப் போயிருச்சு நானா' என்று மட்டும் சொன்னாள்.

"இரும்பு மிச்சம் ஈக்கு தானே மகள்? எத்தன அங்குலம்?"

"மூணரை."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி ஈக்கி? சிவக்கச் சிவக்கச் சூடு காட்டி சாம்பல்ல பொதச்சி வைங்க. விடிஞ்சா பூ மாதிரி ஈக்கும், அரத்தால ராவலாம். கேஸ் டோர்ச்ச த்ரீவீல்ல அனுப்புறன். நான் வரவா?"

"வேணாம் நானா. நான் செய்றேன்."

அன்று மாலை கொல்லைப்புறத்தில் அவள் அலகைப் பழுக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பல் நிரப்பிய டின்னில் புதைத்தாள். மெதுவாக ஆறினால் இரும்பு மெத்தென்று ஆகிவிடுமாம். நான் சுண்டலைக் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. கணவர் வந்து இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சுண்டல் முழுவதையும் தானே சாப்பிட்டார். சங்கடமான நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே உதவி அது.

காலை ஆறு மணிக்கு அடுப்படி மேடையில் அரம் உரசும் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். அலகு அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை.

முனையில் கறுப்பு மை பூசியிருந்தாள். அலகைக் கட்டையில் செருகி, கட்டையின் அடிப்பாகத்தில் செதுக்கியிருந்த வளைவை ஒட்டி ஊசியால் கோடு கீறியிருந்தாள். நல்லவேளையாகக் கட்டையை நான் நேராக்கவில்லை. அந்தக் கோடுவரைதான் ராவ வேண்டும். பக்கத்தில் கலகெதர ஜன்னலின் பழைய துண்டு கிடந்தது. இரண்டையும் பார்த்தேன், ஒன்று உறுத்தியது.

"மரத்துல இருக்கிற பள்ளத்தவிட உன் கோடு ஆழமா இருக்கே?"

"அலகு சாஞ்சுதானேம்மா நிக்குது. மரத்தைப் பாத்து அப்படியே வெட்டினா பொருந்தாது. முதல்ல ரெண்டு அலகு வீணாப்போச்சு."

"எவ்வளவு கூட வேணும்?"

"மரத்துல பத்துன்னா அலகுல பதினாலு. கொஞ்சம் கூட."

நான் பிடியை விட்டுவிடப் பார்த்தேன். நாற்பத்தைந்து பாகைச் சாய்வு. ஒன்றுக்கு இரண்டின் வர்க்கமூலம். நான்கு வருடம் கரும்பலகையில் எழுதி, முழித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திட்டிய அதே எண்ணை, கணிதத்தில் சாதாரண சித்தி வாங்கிய பெண் இரண்டு அலகுகளை வீணாக்கி விரல் நுனியில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

"அந்தச் சாய்வு? கூர் பக்கத்துல சீவியிருக்கியே, அது?"

"தடிப்பைப் போல ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. மூணு மில்லிக்கு ஏழு."

"இருபத்தஞ்சு பாகை" என்றேன்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "நானாவும் அதுதான் சொல்வாரு. எப்படித் தெரியும்?"

"பி.எட். படிச்சிருக்கேன்ல?"

சிரிக்கவில்லை. ஆனால் "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க" என்றாள். வட்ட அரத்தால் பள்ளம், தட்டை அரத்தால் படி. ஒன்பது மணிக்கு வளைவு வந்துவிட்டது. ஆனால் மெத்தென்ற இரும்பு. அதற்கு இனிமேல்தான் உயிர் கொடுக்க வேண்டும்.

கொல்லையில் பலாமர நிழலுக்குப் போனோம். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாதாம். நெருப்பில் செக்கச்செவேலென்று ஆனதும், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். ஒட்டவில்லை. பால்மா டின்னில் இருந்த தேங்காய் எண்ணெயில் சட்டென்று இறக்கினாள். குப்பென்று தீ எழுந்து அடங்கியது, புகை கண்ணைக் கரித்தது. எடுத்து அரத்தால் உரசினாள், அரம் வழுக்கியது.

"இப்ப கண்ணாடி மாதிரி. கீழ விழுந்தா உடஞ்சிரும். இனித்தான் கடைசி வேலை. கொஞ்சமா சூடு காட்டி இறுக்கத்தைத் தணிக்கணும். வைக்கோல் நிறம் வந்ததும் தண்ணியில போடணும். அதைத் தாண்டினா பழுப்பு, ஊதா, நீலம். நீலம் வந்தா நேத்து மாதிரிதான். இன்னொரு தடவை ராவ நேரம் இல்ல."

ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள், நிறம் ஓடுவது தெரிவதற்காக. அடுப்படியில் தோசைக்கல்லை வைத்து, கூர் முனை வெளியே நிற்கும்படி அலகின் பின்பாகத்தை அதன்மேல் இடுக்கியால் பிடித்தாள். எண்ணெய்ப் புகையில் அவள் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டேயிருந்தது. தோளில் துடைத்தாள், மறுபடி வழிந்தது.

"அம்மா, எனக்குக் கலங்கலாத் தெரியுது. நீங்க பாருங்க. நீங்க சொல்லும்போது எடுக்கிறேன்."

"என்னையா சொல்ற?"

"வேற யாரு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். இரும்பின் பின்பக்கத்தில் முதலில் ஒரு மங்கல். பிறகு வெளிர் மஞ்சள் ஒரு கோடாகக் கிளம்பி முனையை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் நேற்று நான் அழகு என்று நினைத்த நீலம். மூன்றும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டு வருடமாக இதே அடுப்பில் வெந்தயம் வறுக்கிறேன். பொன்னிறத்தில் இறக்க வேண்டும், அதற்கு அடுத்த மூச்சில் கசந்துவிடும். இந்த ஒரு வேலையில் எனக்குக் கண் உண்டு.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு நொடி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நேற்று அவள் கேட்ட கேள்விக்கு எனக்கே நிச்சயமில்லாதிருந்த பதில், இப்போது என் நாக்கில் இருந்தது.

மஞ்சள் முனையைத் தொட்டது.

"எடு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தண்ணீரில் சுர்ரென்றது.

எடுத்து ஜன்னலோரம் பிடித்தாள். முனை முழுவதும் காய்ந்த வைக்கோல் நிறம். நீலம் அரை அங்குலம் பின்னாலேயே நின்றுவிட்டது. அவள் மூச்சை விட்டாள், நானும்.

பிறகு கூர் தீட்டுவது. முதலில் அலகின் தட்டைப் பக்கத்தை எண்ணெய்க் கல்லில் படிய வைத்து, முகம் தெரியும்வரை. வளைவுக்குள் போகச் சின்ன உருண்டைக் கல். ஓரத்தில் நகத்துக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு பிசிர் எழும். அதை மறுபக்கம் திருப்பி நீக்க வேண்டும், மறுபடி எழும், மறுபடி நீக்க வேண்டும். கடைசியில் தோலில் இழுப்பது.

அந்த நேரம் பார்த்து கணவர் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "கோமதி, என்னோட பெல்ட் எங்க?"

"உங்க மகள் அதுல சீவுளி தீட்டிட்டு இருக்கா."

"அப்ப நான் எப்படி ஆபீஸ் போறது? ஏற்கெனவே அரை நாள் லீவு போட்டாச்சு."

"கயித்தக் கட்டிட்டுப் போங்கப்பா, மாநகரசபைக்கு அது போதும்" என்றாள் தர்ஷினி.

பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா" என்றாள். கோபமாகவா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

7

இரண்டு மணி ஆனது. அந்த அம்மா வந்திருப்பார். இரண்டரைக்குப் பார்த்து முடித்திருப்பார். மூன்று மணிக்குக் கணவர் ஃபோனில் கூப்பிட்டு, "ஏதாவது தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். மூன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார், நான் சண்டை போட்டுவிட்டு ஃபோனை வைத்தேன். தர்ஷினிக்குக் கோல் எடுக்கலாம்தான். ஆனால் மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாளோ என்னவோ, இந்த நேரத்தில் என் அழைப்பு அங்கே போய் மணியடிக்க வேண்டாம் என்று இருந்தேன்.

காத்திருந்தபோது ஒரு காரியம் செய்தேன். அவளுடைய அலுமாரிமேல் இருந்த படிவங்களை எடுத்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கிழிக்கவில்லை. அவள் பின்பக்கத்தில் போட்டிருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே ஒரு தவறு இருந்தது. அதையும் அவளே அடித்துத் திருத்தியிருந்தாள்.

மனசுக்குள் இரண்டு பதில்களைத் தயார் செய்து வைத்தேன். வேலை கிடைத்திருந்தால் ஒன்று. கிடைக்காவிட்டால் ஒன்று: அதில் மன்னிப்பு இருந்தது, நஸீர் நானாவிடம் நானே நேரில் போய்ச் சொல்வது இருந்தது, படிவம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாவதைத்தான் அதிக நேரம் ஒத்திகை பார்த்தேன்.

ஐந்தேமுக்காலுக்கு வாசல் படலை திறந்தது. தர்ஷினிதான். தனியாக வந்தாள். தலைமுடியில் மரச்சுருள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், நான் கேட்கட்டும் என்பது போல நின்றாள்.  தயார் செய்த இரண்டு பதில்களும் எங்கோ போய்விட்டன.

"அந்தம்மா நாலு மணிக்குத்தான் வந்தாங்க" என்றாள். "கடுகண்ணாவயில ரோட்டு வேலையாம். பழைய துண்டையும் என் துண்டையும் சேத்து வச்சு விரலால ஓட்டிப் பாத்தாங்க. பிறகு கதவு நிலைக்கும் இதே மாதிரி செய்ய முடியுமான்னு கேட்டாங்க. பதினொரு ஜன்னல், நாலு கதவு."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு புதிய அலகு. முனை நேராக இருந்தது, கறுப்பு மை பூசி, அதில் ஊசியால் ஒரு வளைவு கீறியிருந்தது. கூடவே ஒரு வட்ட அரம்.

"நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள். "பஸ்ஸுல போகும்போது யோசிச்சேன். வேணும்னு கெடுக்கிறவங்க அதுக்குச் சந்தனம் வச்சு, என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்ட மாட்டாங்க. இது கதவுக்கு. எனக்கு நாளைக்கு ஜன்னல் வேலை. நீங்க கோடு வரைக்கும் ராவி வைங்க, கோட்டைத் தாண்டாதீங்க."